சகாயராஜ் பாடாமல் பேசிய மாலை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

துவாக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி விழா. சாயங்காலம் மெல்லிசை நிகழ்ச்சி. மேடையில் கிட்டாரோடு சகாயராஜ். அடுத்து என்ன பாடப் போகிறார் என்று மைக்கில் சொன்னார். சொல்லி முடித்ததும் நான் எழுந்து நின்று கைதட்டினேன் — பலமாக, தனியாக.

பக்கத்து நாற்காலியில் ஒரு பேராசிரியரின் மனைவி. நல்ல பெண்மணி. என் பக்கம் லேசாகச் சாய்ந்து, "சார், இன்னும் பாட்டே ஆரம்பிக்கலைங்களே" என்றார்.

தெரியும் என்று தலையாட்டினேன்.

"உங்களுக்குச் சொந்தக்காரருங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். பின்னே ஏன் என்று அவர் கேட்பதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. நல்லவேளை. கேட்டிருந்தாலும் அங்கே உட்கார்ந்து என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. சாதாரண மனிதர் சொன்னால் அரை மணி நேரக் கதை. நான் சொன்னால் விழா முடிந்து பந்தலைப் பிரித்துவிடுவார்கள்.

ஏன் அப்படி?

ஆறு வருஷமாக இந்தப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் உங்களோடு வாரா வாரம் அரட்டை அடிக்கிறேன். பல் பிடுங்கிக்கொண்டது முதல் மாமனார் வீட்டுச் சண்டை வரை எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறேன். ஒன்றை மட்டும் சொன்னதில்லை. எனக்குத் திக்கும்.

கொஞ்சநஞ்சம் இல்லை. 'க' வராது. 'ப' வராது. வைத்த பெயரோ கேசவன். பெயர் என்ன என்று யாராவது கேட்டால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவேன். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன், தாடை ஒரு பக்கம் இழுக்கும். எதிரே நிற்பவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவரப் போய்விடுவார்.

என் இருபத்தொன்றாவது வயதைப் பற்றிச் சொல்கிறேன். எழுபதுகளின் நடுப்பகுதி. பி.காம். முடித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் தெற்கு உத்தர வீதி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். டைப்ரைட்டிங் வகுப்பு பாலக்கரையில். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம். ஆனால் கண்டக்டரிடம் 'பாலக்கரை' என்று சொல்ல வேண்டுமே? அதனால் 'ஜங்ஷன்' என்று டிக்கெட் வாங்குவேன். ஜங்ஷன் வரை போய் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருவேன். ஒரு நாள் இல்லை, ஒரு வருஷம். வகுப்பில் என் வேகத்தைப் பாராட்டுவார்கள். விரல்களுக்குத் திக்காது அல்லவா?

வீட்டில் என் சார்பாகப் பேசுவது அம்மா. நான் 'க...' என்று ஆரம்பித்தால் போதும், "காப்பி வேணுமாடா? கலந்துண்டு வரேன்" என்று உள்ளே போய்விடுவாள். நான் சொல்ல வந்தது கடிதம் வந்திருக்கிறது என்பதாக இருக்கும். குடிப்பேன், வேறென்ன செய்வது?

இப்படிப்பட்டவனுக்கு ஒரு ஹீரோ கிடைத்தால் அது யாராக இருக்கும்?

சகாயராஜ்!

மேலப்புதூர்க்காரர். பகலில் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர் வேலை. சனி, ஞாயிறு சாயங்காலங்களில் கிட்டாரும் பூப்போட்ட சட்டையும். அவர் குழுவில் ஏழு பேர். மற்ற மெல்லிசைக் குழுக்கள் சினிமாப் பாட்டுகளை அப்படியே பாடிக்கொண்டிருந்த காலத்தில், இவர் நாலு சினிமாப் பாட்டுக்கு ஒன்று என்று தன் சொந்தப் பாட்டையும் நுழைத்துவிடுவார். தமிழில் பாப் பாட்டு. மலைக்கோட்டைப் படி ஏறி மூச்சு வாங்குவதைப் பற்றி ஒன்று. காவிரிப் பாலத்தில் சைக்கிள் பஞ்சரானதைப் பற்றி ஒன்று. கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். நான் முதன்முதலில் அவரைக் கேட்டது ஒரு பொருட்காட்சியில். அன்றைக்கு ராட்டினம், மிளகாய் பஜ்ஜி எல்லாவற்றையும் மறந்துவிட்டு மேடைக்கு முன்னால் நின்றவன்தான்... அதற்கப்புறம் திருச்சியைச் சுற்றி அவர் எங்கே பாடினாலும் ஏழாவது வரிசையில் என்னைப் பார்க்கலாம்.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்ன தெரியுமா? மேடையில் பேசவே மாட்டார். வருவார், பாடுவார், போவார். இடையில் அறிவிப்பதெல்லாம் நடேசன் என்று ஒருவர். கணீர் என்ற குரல். கூட்டத்தைச் சிரிக்க வைப்பார், விழாக் குழுவுக்கு நன்றி சொல்வார், தொலைந்த சாவிக்கொத்தை அறிவிப்பார். சகாயராஜ் பின்னால் நின்று கிட்டாருக்கு சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார். அது ஒரு ஸ்டைல் என்று நினைத்தோம். மண்டைக்கனம் என்றவர்களும் உண்டு. நானோ, இப்படி ஒரு பாட்டுக்காரருக்குப் பேச்சு எதற்கு என்று நினைத்தேன்.

அந்த வருஷம் பாலக்கரைப் பக்கம் ஒரு மாதா கோயில் திருவிழா. தேர் பவனிக்கு முன்னால், சாயங்காலம் ஆறு மணிக்கு, பள்ளி மைதானத்தில் சகாயராஜ் நிகழ்ச்சி. வழக்கம் போல ஜங்ஷனில் இறங்கித் திரும்பி நடந்து போய் இடம் பிடித்தேன்.

அன்றைக்கு என் மனசு சரியில்லை. சட்டைப் பையில் ஓர் இன்டர்வியூ கடிதம். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா வேலை. பத்து நாளில் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்பும் ஒரு கடிதம் வந்தது. அப்போது காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். இந்தத் தடவை வயிற்றுவலி என்று முடிவு செய்துவைத்திருந்தேன்.

ஆறேகாலுக்கு நிகழ்ச்சி ஆரம்பித்தது. நடேசன் இல்லை. சொந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வையம்பட்டி அருகில் பஸ் மக்கர் செய்துவிட்டதாம். வந்துவிடுவார், அதுவரை பாட்டாகவே போகட்டும் என்று விழாக் குழுவினர் சொல்லிவிட்டுத் தேர் ஜோடிக்கப் போய்விட்டார்கள். சகாயராஜ் ஒன்றும் சொல்லாமல் மூன்று பாட்டு பாடினார். ஒன்று முடிந்ததும் மூச்சு விடாமல் அடுத்தது. கூட்டத்துக்குக் குஷி.

நாலாவது பாட்டுக்கு நடுவில் முன்வரிசையில் சலசலப்பு. ஒருவர் ஒரு குழந்தையைத் தூக்கி மேடையில் நிறுத்தினார். மூன்று அல்லது நாலு வயதுப் பெண் குழந்தை. பச்சை கவுன். ஒரு கையில் பலூன் இல்லாத பலூன் குச்சி. அம்மாவைக் காணோம். அழுகிற அழுகையில் மூச்சு திணறியது.

பாட்டு நின்றது. சகாயராஜ் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அதன் வாயருகே காதை வைத்துக் கேட்டார். பிறகு மைக்கை எடுத்தார்.

மைதானத்துக்கு வெளியே மெயின் ரோடு. திருவிழாக் கூட்டம், பஸ், லாரி. குழல் ஸ்பீக்கர்களைத் தெருக்கோடி வரை கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்தார்கள். அம்மா எங்கே தேடிக்கொண்டிருந்தாலும் காதில் விழும். யாராவது சொன்னால் போதும்.

"பி..." என்றார் சகாயராஜ்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பி... பி... பி..."

கண்ணை இறுக்கி மூடியிருந்தார். தாடை ஒரு பக்கம் இழுத்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். பெயர் சொல்லும்போதெல்லாம் எனக்கு வரும் முகம் அது.

முதலில் மைக் கோளாறு என்றுதான் கூட்டம் நினைத்தது. அப்புறம் புரிந்தது. பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். ஒருவன் 'பி, பி' என்று ஹாரன் அடிப்பது போலச் செய்தான். அவ்வளவுதான், மைதானம் முழுக்கச் சிரிப்பு. பெண்கள் பகுதியில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

இப்போது எழுதப்போகும் வரியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நானும் சிரித்தேன்.

வேடிக்கையாக இருந்ததால் இல்லை. சிரிக்காமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவன் என்னைப் பார்ப்பானோ, பார்த்தால் கண்டுபிடித்துவிடுவானோ என்ற பயம். பல் தெரியச் சிரித்தேன்.

மேடையில் டிரம்ஸ் வாசிப்பவர் எழுந்து வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். சகாயராஜ் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். மைக்கை யாரிடமும் கொடுக்கவில்லை. மேடையை விட்டு இறங்கவும் இல்லை. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். சிரிப்பு கொஞ்சம் தணிந்ததும் மறுபடி மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"சி... சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சுடுங்க. நா... நான் நிக்கிறேன். பு... புள்ள அழுவுது."

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சவும் இல்லை. பஸ் இன்னும் வரவில்லை என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வது போலச் சொன்னார்.

மைதானம் அடங்கியது. ஆயிரம் பேர் இருந்த இடத்தில் குழந்தையின் விசும்பல் மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது. அதற்கப்புறம் அவர் சொல்லத் தொடங்கினார். பிரமிளா என்ற பெயரைச் சொல்லி முடிக்க எத்தனை நேரம் ஆனது என்று தெரியாது. பச்சை கவுன் என்பதற்கு இன்னொரு யுகம். ஆனால் முடித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். மூன்றாவது தடவை பாதியில் இருக்கும்போது, மைதான வாசலில் ஒரு பெண் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தாள். தலைமுடி அவிழ்ந்து, செருப்பு இல்லாமல். குழந்தையை வாங்கியவள் அப்படியே மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சகாயராஜ் கிட்டாரை மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தார். ஏழே முக்கால் மணிக்கு நடேசன் வேர்க்க விறுவிறுக்க வந்து மைக்குக்குக் கை நீட்டினார். "இன்னிக்கு நானே பே... பேசிக்கிறேன் நடேசா" என்று சொல்லிவிட்டார். அது எல்லோருக்கும் கேட்டது. அன்றைக்கு மீதி எல்லாப் பாட்டுக்கும் அவரே அறிவிப்பு.

எனக்கு எந்தப் பாட்டும் காதில் ஏறவில்லை. நான் சிரித்தது ஏறியிருந்தது.

ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேலப்புதூருக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் சர்ச்சில் பூசை முடிந்து மனிதரே எதிரில் வந்துவிட்டார், வெள்ளை வேட்டியில். நான் நின்றேன். வாயைத் திறந்தேன். "கே... கே..." அவ்வளவுதான், பூட்டிக்கொண்டது.

எல்லோரும் செய்வதை அவர் செய்யவில்லை. எனக்குப் பதிலாகச் சொல்லி முடிக்கவில்லை. பார்வையைத் திருப்பவில்லை. தண்ணீருக்கு ஓடவில்லை. அந்தத் தெருவில் வெயிலில் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு நினைவு தெரிந்து, என் பெயரை நானே சொல்லி முடிக்கும் வரை காத்திருந்த முதல் மனிதர் அவர்.

"கேசவன்" என்றேன் கடைசியில்.

"வா... வாங்க கேசவன். டீ சாப்பிடலாம்."

வீடு சின்னது. அவர் மனைவி இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்தபோது, நான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருந்தேன், சகாயராஜ் எனக்குப் பதில் சொல்லத் தொடங்கி வேறொரு சொல்லில் மாட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீ ஆறிடும், குடிச்சுட்டுப் பேசுங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். சிரிப்புக்குத் திக்காது.

அதற்கப்புறம்தான் சொன்னேன். அன்றைக்கு நானும் சிரித்தேன் என்று. சொல்ல மிகவும் நேரம் பிடித்தது. திக்கினதால் மட்டும் இல்லை.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பள்ளிக்கூடத்தில் இன்னொரு பையனுக்குத் திக்கினால் வகுப்பிலேயே முதலில் சிரிப்பது தான்தான் என்றார். அந்தப் பையனை இப்போது எங்கேயாவது பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். "நீங்க ஒ... ஒரு வாரத்துல வந்துட்டீங்க" என்றார்.

ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருந்தது. பாடும்போது அவருக்குத் திக்காது. என்னைப் போன்றவர்களுக்கு அது தெரியும், குளியலறையில் நானும் நன்றாகவே பாடுவேன். டிரம்ஸ்காரர் காதில் சொன்னதும் அதுவாகத்தான் இருக்கும். குழந்தையின் பெயரை ஒரு மெட்டில் போட்டுப் பாடியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும், யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஏன் பாடவில்லை?

அவர் யோசிக்கவே இல்லை.

"பா... பாடியிருந்தா, அந்த அம்மா அதையும் ஒரு பாட்டுன்னு நினைச்சுட்டு வேற பக்கம் தேடப் போயிருப்பாங்க."

சரி, மைக்கை வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாமே?

"மைக்கும் எ... என் கையில இருந்துச்சு. புள்ளையும் என் கையில இருந்துச்சு. அப்புறம் ஆளைத் தேடுவானேன்?"

அவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசிப் பழகு என்று சொல்லவில்லை. இரண்டாவது டம்ளர் டீ வரவழைத்தார், பஞ்சரான சைக்கிள் பாட்டு எப்படி வந்தது என்ற கதையைச் சொன்னார். மத்தியானம் ஆகிவிட்டது.

இன்டர்வியூவுக்குப் போனேன்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். பெயர் என்ன என்றார் நடுவில் இருந்தவர். "சார், எனக்குத் திக்கும். நே... நேரமாகும். ஆனா சொல்லிடுவேன்" என்றேன். வாழ்க்கையில் முதன்முறையாக, மறைக்காமல். பிறகு பெயரை ஆரம்பித்தேன். ஓரத்தில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஃபைலைப் பார்த்து, "கேசவன்தானே?" என்றார்.

"இருங்க சார். நானே சொல்றேன்."

சொன்னேன். ஊரையும் சொன்னேன், படிப்பையும் சொன்னேன். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குத் திரும்பியபோது என் முகத்தைப் பார்த்து அம்மா வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தாள். "எல்லாம் ரங்கநாதன் கிருபை" என்று கற்கண்டை எடுத்துவந்து வாயில் போட்டாள். வேலை கிடைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அச்சடித்த வருத்தக் கடிதம் வந்தது. கற்கண்டைத் திருப்பித் தர முடியாதே, போனது போகட்டும்.

எட்டு மாதம் கழித்து துவாக்குடியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. நாள் முழுக்கக் கடிதம் எழுதும் வேலை. எழுதி எழுதி, ஒருநாள் ஒரு பத்திரிகைக்கும் எழுதினேன். மீதி உங்களுக்குத் தெரியும்.

சகாயராஜ் பெரிய ஆளாக ஆனாரா என்று கேட்டால், இல்லை. சென்னையிலிருந்து ஒருமுறை அழைப்பு வந்தது. போனார், ஒரு இசைத்தட்டுக்குப் பாடினார், அது எங்கே விற்றது என்று அவருக்கே தெரியாது. திரும்பி வந்து பொன்மலை வேலையைத் தொடர்ந்தார். இப்போது மீசையில் பாதி நரை. உச்சஸ்தாயியில் குரல் மெலிந்துவிடுகிறது, ரசிகனாக இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும். அவரைவிட நன்றாகப் பாடுகிறவர்கள் இந்த ஜில்லாவிலேயே பத்துப் பேர் தேறுவார்கள். நடேசன் வேலை மாற்றலாகிக் கோயம்புத்தூர் போன பிறகு, அறிவிப்பாளர் என்று யாரையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. திக்கல் போய்விட்டதா? போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை 'காவிரி' என்ற சொல்லுக்கு மட்டும் நாலு தடவை முயன்றார். கல்லூரி மாணவர்கள் காத்திருந்தார்கள். சிரிப்பு ஓரிடத்தில் எழுந்தது, தானாக அடங்கியது.

ஒருவருக்கு நாம் ஏன் ரசிகர் ஆகிறோம்? பெரும்பாலும் அவருக்கு எது அற்புதமாக வருகிறதோ, அதற்காக. சகாயராஜுக்கு நானும் அப்படித்தான் ரசிகன் ஆனேன் — அந்தப் பாட்டுக்காக, அந்தக் கிட்டாருக்காக, அந்தப் பூப்போட்ட சட்டைக்காக. ஆனால் பதின்மூன்று வருஷமாக ரசிகனாகவே இருப்பது, அவருக்குச் சுத்தமாக வராத ஒன்றை ஆயிரம் பேர் முன்னால் அவர் செய்து முடித்ததற்காக. பேராசிரியரின் மனைவி இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

இன்னொரு சேதி. லால்குடியில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். இதுபோன்ற அழைப்புகளுக்கு இத்தனை வருஷமாக 'வெளியூர்ப் பயணம்' என்று பொய் எழுதிப் போட்டுவிடுவேன். இந்தத் தடவை வருகிறேன் என்று எழுதிவிட்டேன். பதினைந்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்களாம்.

அரை மணி கேட்டிருக்கிறேன்.